மூட்டம் போட்ட பார்லி

2016 தீபாவளிக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த என் மச்சினன் கோடாலித் தைலம், மைலோ டின், பிள்ளைகளுக்குச் சாக்லேட் எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பிப் பங்கு வைத்தான். அவன் அக்கா அடுப்படிக்குள் போகும்வரை பொறுத்திருந்து, பெட்டியின் அடியிலிருந்து ஓர் உருளை டப்பாவை எடுத்து என் கையில் திணித்தான்.

"அத்தான், இது சாதாச் சரக்கு இல்ல. சிங்கிள் மால்ட். ஏர்போர்ட்ல கேட்டு வாங்கினேன்."

உள்ளே பச்சைக் கண்ணாடி பாட்டிலில் ஸ்காட்லாந்து விஸ்கி. முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து ஒரே வடிசாலையில் செய்வதைத்தான் சிங்கிள் மால்ட் என்கிறார்கள். பெயரை எழுத்துக் கூட்டிப் படித்ததில் லாப்ரோ ஐக் என்று வந்தது. லஃப்ரோயிக் என்று சொல்ல வேண்டும் என்பது தெரிய எனக்கு இன்னும் இரண்டு வருடம் ஆனது.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் நான்கு பேர் உட்கார்ந்தோம். வழக்கம்போல ஆளுக்கு ஒரு லார்ஜ், டம்ளர் நிறையச் சோடா, மேலே ஐஸ். நெல் மில் வைத்திருக்கும் நண்பர் ஒரு வாய் குடித்தார், எழுந்து போய்க் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் துப்பினார். "என்ன மாப்ள, ஏர்போர்ட்ல பினாயிலையும் பாட்டில்ல அடைச்சு விக்கிறானா?" இன்னொருவர், புண்ணுக்கு டிங்க்சர் போட்ட பஞ்சை வாயில் வைத்தது போலிருக்கிறது என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மச்சினன் முகம் சுருங்கிப் போனது. அவன் மனசுக்காக இரண்டு மடக்கு குடித்துவிட்டு எல்லோரும் வழக்கமான பிராண்டுக்குத் திரும்பினோம். முக்கால் பாட்டில் மிச்சத்தை பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் படுக்க வைத்தேன். படுக்க வைத்தது தப்பு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது யோசித்தால் அந்த இரண்டு திட்டிலும் பிழையே இல்லை. அந்த விஸ்கியில் இருப்பவை பீனால், கிரெசால், குவையகோல் என்று ஒரே குடும்பத்துச் சரக்குகள். பழைய காலத்தில் கிருமி கொல்ல ஊற்றிய கார்பாலிக் அமிலம் என்பது பீனால்தான். குவையகோல் விறகுப் புகையில் வருவது. நண்பரின் மூக்கு சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. அது சொன்னதைக் குறை என்று எடுத்துக்கொண்டது நாங்கள். லஃப்ரோயிக் கம்பெனி, குடித்தவர்கள் திட்டியதையெல்லாம் சேர்த்து அதையே விளம்பரமாகப் போட்டது என்று பின்னால் படித்தேன். திட்டு வாங்கியே வியாபாரம் செய்கிறவர்கள்.

மேலே போவதற்கு முன் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் குடி விளையாட்டு விஷயம் இல்லை. என் சித்தப்பா குடித்தே போய்ச் சேர்ந்தவர். நாற்பத்தாறு வயது, கல்லீரல். அவரைத் தஞ்சாவூருக்கு வேனில் ஏற்றிக்கொண்டு போன ராத்திரியில் நானும் கூட இருந்தேன். கல்யாணமான புதிதிலேயே என் மனைவி ஒப்பந்தம் போட்டுவிட்டாள். "எனக்குத் தெரிஞ்சு வீட்ல உக்காந்து குடிங்க, அளவ நான் பாத்துக்கறேன். தெரியாம வெளில குடிச்சிட்டு வந்தீங்கன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்." இன்றுவரை அந்த ஒப்பந்தம்தான். அதனால் இதைப் படித்து யாரும் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம். குடிக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமே சொல்லியாகிவிட்டது. ஏற்கெனவே சனிக்கிழமை குவாட்டர் போடுகிற ஆள், அதைக் குறைக்க வழி தேடுகிறார் என்றால் மட்டும் இது உதவும்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வந்தது. வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல் எங்கள் ஊரைத் தாண்டிப் போனபோது கொல்லையில் இருபத்தேழு தென்னையில் நான்கு நின்றது. மாட்டுக் கொட்டிலின் கூரை பக்கத்து வயலில் கிடந்தது. பதினாறு நாள் கரண்ட் இல்லை. பகலெல்லாம் அரிவாளும் ரம்பமுமாக மரம் வெட்டி வழி செய்வது, பொழுது சாய்ந்ததும் கொசுவோடு மல்லுக்கட்டுவது. மாட்டுக்கு மூட்டம் போடாமல் முடியாது. மூட்டம் என்றால் டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சருகு, உடைந்த வரட்டி, மேலே ஈர வைக்கோலும் வேப்பிலையும் போட்டு, தீ எழும்பாமல் புகை மட்டும் கிளம்பும்படி விடுவது. அந்த வாரம் எதை எடுத்தாலும் ஈரம். ஊர் முழுக்க ஈர மட்டை புகைந்துகொண்டிருந்தது.

ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, கை இரண்டும் கொப்புளித்துப் போன ஒரு சாயங்காலம். கடை இல்லை. ஐஸ் இல்லை. சோடா இல்லை. பீரோவில் அந்தப் பினாயில் மட்டும் இருந்தது. சரி, இருப்பதைக் குடிப்போம் என்று திறந்தால் கார்க் பொடிப்பொடியாக உதிர்ந்து பாதி பாட்டிலுக்குள் விழுந்தது. எவர்சில்வர் டம்ளரில் ஒரு விரற்கடை ஊற்றி, அடிபம்புத் தண்ணீரைக் கொஞ்சம் விட்டுக்கொண்டு திண்ணைக்கு வந்தேன்.

டம்ளரை மூக்குக்கு அருகில் கொண்டுபோனதும் புகை எங்கிருந்து வருகிறது என்று புரியவில்லை. கொட்டிலிலிருந்தா, டம்ளரிலிருந்தா? எழுந்து, காற்றோட்டமாக இருந்த தெருமுனை வரை நடந்துபோய் நின்று மறுபடி மோந்து பார்த்தேன். டம்ளரிலிருந்துதான். ஒரு வாய் குடித்தேன். முதலில் இனிப்பு. அதன்பின் உப்பு போல ஒன்று. அப்புறம் புகை, தொண்டையில் இல்லை, மூக்கின் பின்பக்கத்திலிருந்து மேலே ஏறியது. விழுங்கி இரண்டு மூன்று நிமிடம் கழித்தும் அது அங்கேயே உட்கார்ந்திருந்தது. மாடியில் துப்பின அதே சரக்கா இது என்று பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன்.

மெழுகுவத்தியோடு வந்த மனைவி டம்ளரை வாங்கி மோந்தாள். அவள் குடிப்பதில்லை, அன்றும் குடிக்கவில்லை. "ஏங்க, கருவாடு சுட்ட அடுப்ப தண்ணி தெளிச்சு அணைச்ச மாதிரி இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு எத்தனையோ விஸ்கி வர்ணனைகளைப் படித்துவிட்டேன். கடற்பாசி, அயோடின், தார், ஆஸ்பத்திரி என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இந்த ஒரு வரிக்குக் கிட்டே எதுவும் வரவில்லை.

அந்த ஒரு விரற்கடை தீர ஒரு மணி நேரம் பிடித்தது. எனக்கு அது புதிது. அதுவரை எனக்குக் குடி என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு சீக்கிரம் உள்ளே தள்ள வேண்டிய ஒன்று.

கரண்ட் வந்து போனில் சார்ஜ் ஏறியதும் அந்தப் புகை எங்கிருந்து வந்தது என்று தேடினேன். ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் ஐலா என்று ஒரு தீவு. எழுத்தைப் பார்த்து இஸ்லே என்று படிக்கத் தோன்றும். ஐலா என்பதுதான் சரி. மூவாயிரம் சொச்சம் ஜனங்கள். காற்று ஓயாமல் அடிக்கும் ஊர், மரம் குறைவு. விறகு இல்லாத ஊரில் எதை எரிப்பது? காலுக்குக் கீழே இருப்பதை. சதுப்பில் பாசியும் புல்லும் செடியும் மட்க முடியாமல் தண்ணீரில் அமுங்கி அமுங்கிக் கறுத்த மண்கட்டி போல ஆகிவிடுகின்றன. அதன் பெயர் பீட். நீள மண்வெட்டியால் செங்கல் செங்கலாக அறுத்து, நாம் வரட்டி காயவைப்பது போலக் காயவைத்து எரிக்கிறார்கள். ருசிக்காகக் கண்டுபிடித்த புகை இல்லை. வேறு எரிபொருள் இல்லாததால் வந்த வாசம், பிறகு அதுவே அடையாளமாகிவிட்டது.

பீட் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு மீட்டர் ஆழத்துக் கட்டி என்றால் ஆயிரம் வருடம். 1010-இல் ராஜராஜன் பெரிய கோயிலுக்குக் கும்பம் வைத்த காலத்தில் அங்கே முளைத்த பாசி இன்று அந்த ஆழத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டேன். அது இன்னும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அமுங்கிக் கிடந்தால் பழுப்பு நிலக்கரி ஆகும். நெய்வேலியில் தோண்டுவது அதைத்தான். எங்கள் மன்னார்குடிக்கு அடியில் கிடப்பதும் அதுதான்; அதிலிருந்து மீத்தேன் எடுக்கக் கூடாது என்று இந்தப் பக்கத்து ஜனம் வருடக்கணக்கில் தெருவில் நின்றது, 2020-இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனது. நானும் இரண்டு கூட்டத்துக்குப் போய்ப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறேன். எந்தக் கரியை எடுக்காதே என்று கோஷம் போட்டேனோ அதன் சின்ன வயசுத் தம்பியை டம்ளரில் மோந்துகொண்டிருக்கிறேன்.

பார்லியை என்ன செய்கிறார்கள் என்று படித்தபோது சிரிப்பே வந்துவிட்டது. நாற்றங்காலுக்கு நாம் செய்கிற வேலைதான். விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, வடித்து, சாக்கில் கட்டி வைக்கோலால் மூடி வைத்தால் மறுநாள் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அந்த நெல்லைக் கடித்தால் லேசாக இனிக்கும். மாவு சர்க்கரையாக மாறத் தொடங்கியிருக்கும். பார்லியை இரண்டு நாள்போல விட்டு விட்டு ஊறவைத்து, கல் தரையில் பரப்பி, ஐந்தாறு நாள் முளைக்க விடுகிறார்கள். சூடேறிவிடாமல் மரத் துடுப்பால் புரட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நாம் முளைத்ததும் வயலுக்குக் கொண்டுபோகிறோம். அவர்கள் முளையின் கதையை அடுப்பில் முடித்துவிடுகிறார்கள். அப்படி முளைகட்டிக் காயவைத்த பார்லிதான் மால்ட். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக் களத்தில் குவித்த நெல் முளைவிட்டால் நமக்கு வயிறு எரியும். அதே காரியத்தைக் காசு கொடுத்து ஆள் வைத்துச் செய்கிறார்கள். தரையில் பரப்பிப் புரட்டும் பழைய முறை இப்போது குறைந்துவிட்டது. ஐலாவிலேயே லஃப்ரோயிக், போமோர், கில்ஹோமன் போன்ற சில இடங்களில் தேவையில் ஒரு பங்குக்கு மட்டும் நடக்கிறது. மற்றபடி பல வடிசாலைகள் பெரிய மால்ட் ஆலைகளிலிருந்து வாங்கிக்கொள்கின்றன.

புகை ஏறுவது அந்த அடுப்பில்தான். தானியம் ஈரமாக இருக்கும்வரைதான் புகை உமியில் ஒட்டும். காய்ந்துவிட்டால் எத்தனை மணி நேரம் புகைய விட்டாலும் பிரயோஜனம் அதிகமில்லை. ஈர வைக்கோல் போட்டு மூட்டம் போடுகிறவனுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும்: நாம் எரிபொருளை ஈரமாக்குகிறோம், அவர்கள் தானியத்தை ஈரமாக வைத்திருக்கிறார்கள்.

எவ்வளவு புகை ஒட்டியது என்பதை பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு பீனால் என்ற கணக்கில் சொல்வார்கள். ஐலா விஸ்கிகளில் போமோர் 25 சுமார், லாகவூலின் 35, லஃப்ரோயிக் 40க்கு மேல், ஆர்ட்பெக் 55 பக்கம், ஆக்டோமோர் என்ற ஒன்று நூறையும் தாண்டும். இந்த நம்பரை நான் ஒரு வருடம் மாட்டுச் சந்தையில் பல் எண்ணுவது போல எண்ணிக்கொண்டிருந்தேன். வீண் வேலை. அது மால்ட்டில் அளந்த அளவு, பாட்டிலில் உள்ளது அல்ல. ஊறல் போடும்போதும் வடிக்கும்போதும் நிறையப் போய்விடும். வடிக்கும்போது பீனால் பின்னால்தான் வரும். எந்த இடத்தில் போதும் என்று திருப்பிவிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து ருசி மாறும். லாகவூலினும் கவல் ஈலா என்ற இன்னோர் ஐலா விஸ்கியும் ஏறத்தாழ ஒரே அளவு புகையேற்றிய மால்ட்டில் செய்பவை, ஒன்றுக்கொன்று ஜாடைகூடக் கிடையாது. இன்னொன்று, பீப்பாயில் வருடம் ஏற ஏறப் புகை மங்கும். அதனால் புகைக்காக வாங்குகிறவர் பதினெட்டு வருடம், இருபத்தைந்து வருடம் என்று காசைக் கொட்ட வேண்டியதில்லை. பத்து வருடத்துச் சரக்கில்தான் புகை முறுக்காக நிற்கும். எனக்கு இது ரொம்ப வசதியான உண்மை.

குடிக்கும் விதம்தான் பெரிய மாற்றம். எங்கள் பக்கத்து ஆட்கள் காபி விஷயத்தில் எவ்வளவு நுணுக்கம் பார்ப்பார்கள் தெரியுமா. கும்பகோணத்தில் ஒரு வாய் குடித்ததும் சிக்கரி கூடிப் போச்சு, டிகாக்‌ஷன் ரெண்டாந்தரம் என்று சொல்லிவிடுவார்கள். பாலில் தண்ணீர் சேர்த்திருந்தால் கல்லாவில் போய்ச் சண்டை. அதே மனிதர் சாயங்காலம் கடை வாசலில் நின்று பிளாஸ்டிக் டம்ளரில் கட்டிங்கை வாட்டர் பாக்கெட்டோடு கவிழ்த்துக்கொண்டு போவார். நாக்கு ஒன்றுதான். நானும் அந்த ஆள்தான், அதனால் கிண்டல் இல்லை. மோந்து பார்த்துக் குடிக்க எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மோந்து பார்த்தால் குடிக்க முடியாத சரக்காகவும் அது இருந்தது.

ஐஸ் வேண்டாம். குளிர்ந்தால் வாசம் எழும்பாது, நாக்கும் மரத்துப் போகும். எங்களை அன்று மாடியில் கெடுத்தது ஐஸும் சோடாவும்தான். இனிப்பை அடக்கிவிட்டு மருந்து வாடையை மட்டும் மேலே நிறுத்திவிட்டன. தண்ணீர் மட்டும் அவசியம். 2017-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கம்ப்யூட்டரில் இதைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆல்கஹால் அதிகமாக இருக்கும்போது அது குவையகோலைச் சூழ்ந்து உள்ளேயே பிடித்து வைக்கிறது. தண்ணீர் சேரச் சேர குவையகோல் மேற்பரப்புக்கு வருகிறது. மேலே வந்தால்தானே மூக்குக்கு எட்டும். 30 மில்லிக்கு ஒரு டீஸ்பூனில் ஆரம்பித்து உங்கள் மூக்கு சொல்கிறபடி கூட்டிக்கொள்ளுங்கள். போர் தண்ணீரை மட்டும் முதலில் தனியாகக் குடித்துப் பாருங்கள். கடற்கரைப் பக்கத்தில் உப்பு ஏறிய தண்ணீர் இருக்கும் வீடுகளில் கேன் தண்ணீர்தான் நல்லது.

எவர்சில்வர் டம்ளர் அன்றைக்கு ஆபத்துக்கு உதவியது, அவ்வளவுதான். அடி அகன்று வாய் குறுகிய சின்னக் கண்ணாடிக் கிளாஸ் இருந்தால் வாசம் கலையாது. மூக்கை உள்ளே விடாமல், வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு மோந்து பார்த்தால் ஆல்கஹாலின் காரம் மூக்கைச் சுடாது. முதல் மடக்கை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். அது வாயைப் பழக்கத்தான். இரண்டாவதிலிருந்துதான் ருசி. மெல்லிய புகையில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏறச் சொல்வார்கள் பலர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நேராக லஃப்ரோயிக்கிடமே போங்கள், ஆனால் ஒரு விரற்கடை மட்டும், மூன்று தனித்தனி ராத்திரிகளில். மூன்றாவது ராத்திரியும் பினாயிலாகவே இருந்தால் விட்டுவிடலாம். மில் நண்பர் அப்படித்தான் விட்டுவிட்டார். நட்புக்கு ஒன்றும் குறைவில்லை.

கார்க் கதைக்கு வருகிறேன். ஒயின் பாட்டிலைப் படுக்க வைக்கலாம். விஸ்கியைப் படுக்க வைத்தால் அந்தக் காரத்துக்குக் கார்க் நைந்துவிடும். நம் ஊர் வெயிலில் அது இன்னும் சீக்கிரம். உதிர்ந்த துகளை வடிகட்ட நான் காபி ஃபில்டரை எடுத்தேன். விஸ்கியில் காபி வாசம் வந்ததோடு போகாமல், மறுநாள் காலை டிகாக்‌ஷனில் புகை வாசம் வந்து, அந்த வாரத்தின் பெரிய சண்டையும் வந்தது. வெள்ளை வேட்டித் துணி போதும். நிமிர்த்தி வையுங்கள், வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். பரண், தகரக் கூரைக்குக் கீழே உள்ள அறை எல்லாம் வேண்டாம். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிட்டால் சின்ன பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்; காற்று அதிகம் பட்டால் முதலில் காணாமல் போவது புகைதான். குடித்து முடித்த பாட்டிலின் பழைய கார்க்கைக் கழுவிக் காயவைத்துப் பத்திரப்படுத்துங்கள். ஒன்று உடைந்தால் இன்னொன்று ஆகும்.

வாங்குவதுதான் கஷ்டம். தமிழ்நாட்டில் பெரிய ஊர்களின் எலைட் கடைகளில் எப்போதாவது கண்ணில் படும். எங்கள் பக்கத்துக் கடைகளில் நான் தேடியவரை அகப்பட்டதில்லை. காரைக்கால் டெல்டாவுக்குள்ளேயே இருந்தாலும் புதுச்சேரியைச் சேர்ந்தது, அங்கே ரகம் கொஞ்சம் அதிகம். ஆனால் அங்கே வாங்கி எல்லை தாண்டிக் கொண்டுவருவது குற்றம். செக்போஸ்ட்டில் பையைத் திறந்துகாட்டி நிற்கிற வயசு எனக்குத் தாண்டிவிட்டது. நல்லவேளையாக என் தங்கை வீடு காரைக்காலில் இருக்கிறது. ஒரு பாட்டில் அங்கேயே குடியிருக்கிறது, போகும்போது ஒரு விரற்கடை. நான் போகாத மாதங்களிலும் அதன் மட்டம் இறங்குவதைப் பற்றித் தங்கை மாப்பிள்ளையிடம் நான் இதுவரை கேட்டதில்லை. மற்றபடி வெளிநாட்டிலிருந்து வருகிறவர் தலைக்கு இரண்டு லிட்டர் வரை டூட்டி ஃப்ரீயில் கொண்டுவரலாம். டெல்டாவில் யார் வீட்டில்தான் சிங்கப்பூரோ துபாயோ இல்லை.

டூட்டி ஃப்ரீ என்று சொல்லி வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். நான் போனேன். ஆர்ட்பெக் என்று பச்சை பாட்டில், விலையும் மலிவு. திறந்ததும் எனக்குப் புகை வந்த மாதிரிதான் இருந்தது. காசு கொடுத்தவன் மூக்கு அப்படித்தான் சொல்லும். மனைவி மோந்துவிட்டு, "இது புகை இல்லங்க, கருகின சீனி" என்றாள். மூடியைச் சுற்றியிருந்த உறையைப் பார்த்தால் கையால் ஒட்டியது. காலி பாட்டிலை நல்ல விலைக்கு வாங்கி நிரப்பி விற்கிறார்கள். உள்ளே என்ன ஊற்றினார்கள் என்பது அவர்களுக்குத்தான் வெளிச்சம். கொல்லையில் கொட்டினேன். அன்றிலிருந்து என் காலி பாட்டில்களின் லேபிளைக் கிழித்து, கழுத்தை உடைத்துத்தான் குப்பைக்கு அனுப்புகிறேன்.

இத்தனை அலைச்சல் வேண்டாம் என்றால் பெங்களூர் அம்ருத் இருக்கிறது. 1948-இல் ஆரம்பித்த கம்பெனி, 2004-இல் தன் சிங்கிள் மால்ட்டைக் கொண்டுபோய் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே அறிமுகம் செய்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்ற தைரியம். அவர்களின் ஃபியூஷன் இந்தியப் பார்லியும் ஸ்காட்லாந்திலிருந்து வரும் புகையேற்றிய பார்லியும் கலந்தது. பீட்டட் என்றே பெயரிட்டு இன்னொன்று இருக்கிறது. கோவாவில் பால் ஜான் கம்பெனியின் போல்டும் புகைதான். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு இரண்டு சதவீதம் போல ஆவியாகும் என்றால் பெங்களூரில் பத்துக்கு மேல் போகிறது. அதனால் இங்கே நான்கைந்து வருடத்திலேயே மரத்தின் ருசி நன்றாக இறங்கிவிடுகிறது. மன்னார்குடி வெயிலில் ஒரு பீப்பாய் வைத்தால் தெருவே மோந்து மயங்கும். என் நாக்குக்கு அம்ருத் பீட்டட் லாகவூலினுக்குப் பக்கத்தில் உட்காரத் தகுந்தது. வெளிநாட்டுப் பெயர் என்பதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

தொட்டுக்க என்ன? மட்டன் சுக்கா, சில்லி சிக்கன், காரப் பக்கோடா எல்லாவற்றையும் முயன்று தோற்றேன். மிளகாய் ஏறிய நாக்கில் புகை நிற்காது. நாகப்பட்டினம் நெத்திலிக் கருவாட்டை மிளகாய் சேர்க்காமல் வெறும் சட்டியில் வறுத்தால் அதற்கு இணை கிடையாது. தை மாதத்தில் சுட்ட பனங்கிழங்கு. இரண்டும் இல்லாவிட்டால் சுண்டைக்காய் அளவு கருப்பட்டித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு மேலே ஒரு சொட்டு. காய்ச்சும்போது ஏறிய புகை கருப்பட்டியிலும் இருக்கிறது, இரண்டும் உடனே ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன.

கணக்கைச் சொன்னால், முன்பு வாரம் ஒரு குவாட்டர், சில வாரம் இரண்டு. இப்போது வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு 30 மில்லி. ஒரு பாட்டில் மூன்று மாதம் வருகிறது. இதில் என் வைராக்கியம் ஒன்றும் இல்லை. அந்தச் சரக்கை வேகமாகக் குடிக்க முடியாது, இரண்டாவது ஊற்றினால் முதலாவது போல இருக்காது, அவ்வளவுதான். மனைவியின் ஒப்பந்தமும் அமலில்தான் இருக்கிறது.

போன பொங்கலுக்கு மச்சினன் மறுபடி வந்தான். பிள்ளைகள் காலேஜ் போய்விட்டார்கள், சாக்லேட் இல்லை. கோடாலித் தைலம் உண்டு. இந்த முறை அக்கா எதிரிலேயே பாட்டிலை எடுத்து வைத்தான். "ஐலாதான் அத்தான். நல்லா கேட்டு வாங்கினேன்." கார்க்கைத் திறந்து நேராக அக்காவிடம் நீட்டினான். அவள் ஒரு முறை மோந்தாள், திரும்பவும் மோந்தாள்.

"இதுல புகையே இல்லையேடா. உலர்ந்த திராட்ச, வறுத்த கடல, அவ்வளவுதான்."

"போக்கா, உனக்கு ஜலதோஷம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தேன். புன்னஹாவன், பன்னிரண்டு வருடம். ஐலாவில் பெரும்பாலும் பீட் போடாமலே விஸ்கி செய்கிற வடிசாலை அது. அவனிடம் சொன்னேன், நம்பவில்லை. சோடா உடைத்து, ஐஸ் போட்டு, நெஞ்சு நிறைய ஒரு லார்ஜ் குடித்தான். இன்னொன்றும் குடித்தான். "இதுதான் அத்தான் சரக்கு. அன்னைக்கே இத வாங்கியிருக்கணும்" என்றான்.

மூன்றாவதுக்குக் கை நீட்டும்போது அவன் அக்கா மூடியைப் போட்டு, பாட்டிலை பீரோவில் வைத்துப் பூட்டினாள். நிமிர்த்தித்தான்.